எத்தனாலைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு மீன் கொழம்பு கதை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் வாசகர் கடிதத்துல பண்ருட்டி பக்கம் இருந்து ஒரு சார் எழுதியிருந்தாரு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததுல இருந்து அவரோட கார் மைலேஜ் லிட்டருக்கு 16 கிலோமீட்டர்ல இருந்து 9க்கு எறங்கிடுச்சாம், எல்லாம் இந்த எத்தனால் பண்ற வேலையாம். படிச்சதும் எங்க ஆபீஸ்ல ஆளாளுக்கு ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துச்சு, அவரை நெனச்சு இல்ல, ஒரு வருசம் முன்னாடி நான் இருந்த இருப்பை நெனச்சு. அப்ப நானும் இதே பாட்டுதான் பாடிட்டு இருந்தேன், எத்தனால், பங்க்ல அளவு கம்மி, மெக்கானிக் ஏமாத்துறான், வண்டிக்குத் திருஷ்டின்னு ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம திட்டுனேன், என் வலது காலை மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. அதனாலதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, கணக்கை மட்டும் வெட்டிடாதீங்க.

எத்தனால் விஷயத்தை முதல்ல முடிச்சுடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்குற சக்தில சுமாரா மூணுல ரெண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கு, அது உண்மை, யாரும் மறுக்க முடியாது. 100ல 20 பங்கு எத்தனால்னா அந்த 20ல மூணுல ஒரு பங்கு நஷ்டம், அதாவது கிட்டத்தட்ட 7 சதவீதம். அதுவும் துளி கூட கலக்காத பெட்ரோலோட ஒப்பிட்டாதான். நாம 2022லயே 10 சதவீதம் கலந்ததைத்தான் போட்டுட்டு இருந்தோம், அதுல இருந்து 20க்குப் போனதுல கூடுதலா கொறையறது மூணரை சதவீதம் வரும். நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயும் பழைய டிசைன் கார்களுக்கு 6-7 சதவீதம் கொறையும்னுதான் இருக்கு. சரி, 16 குடுத்த வண்டி 15 குடுக்கட்டும், இன்னும் தாராளமா 14.5ன்னே வச்சுக்குவோம். 9 எப்படி சார் வரும்? மீதி அஞ்சரை கிலோமீட்டரை யார் தின்னது? சக்தி கொறைஞ்ச சரக்கைக் குடுத்துட்டு அதே விலையை வாங்குறாங்களேன்னு கேட்டா அது நியாயமான கேள்வி, நானும் கூட நின்னு கேப்பேன். பழைய வண்டில ரப்பர் ஓஸ், கேஸ்கட் எல்லாம் போயிடுமோன்னு பயப்படறதும் நியாயந்தான். ஆனா 16, 9 ஆனதுக்கு எத்தனால் மட்டும் காரணமா இருக்க முடியாது.

என் கதைக்கு வரேன். வீடு திருப்பாதிரிப்புலியூர், வேலை பாண்டில ஒரு கம்பெனில கணக்கு எழுதுறது. போக 24, வர 24, மாசம் 25 நாள், ஆக மொத்தம் 1,200 கிலோமீட்டர். 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. வாங்குன புதுசுல 17 குடுத்துச்சுன்னு வித்தவர் சொன்னாரு, எனக்கு 13.2 தான் வந்துச்சு. இந்த நம்பரை நான் மீட்டர்ல பாத்து சொல்லல, டேங்க் டு டேங்க் எழுதி வச்ச நோட்டு இருக்கு. ஒரே பங்க், ஒரே பம்பு, முதல் தடவை டக்குன்னு கட் ஆகுற வரைக்கும் ஃபில் பண்ணணும், அதுக்கு மேல ரவுண்டு பண்றேன்னு பத்து ரூபாய்க்கு ஊத்த விடக்கூடாது, அடுத்த தடவையும் அதே மாதிரி ஃபில் பண்ணி, நடுவுல ஓடுன கிலோமீட்டரை இந்தத் தடவை ஊத்துன லிட்டரால வகுக்கணும். ஐநூறு ரூபாய்க்குப் போட்டேன் ரிசர்வ் லைட் எரியற வரைக்கும் ஓடுச்சுன்னு சொல்ற கணக்கெல்லாம் கணக்கே இல்ல.

13.2 பாத்து மனசு கேக்காம ஒரு ஒர்க் ஷாப் போனேன், பேர் வேணாம். பிளக் மாத்துனாங்க, ஏர் ஃபில்டர் மாத்துனாங்க, இன்ஜெக்டர் கிளீனிங்னு ஒண்ணு பண்ணாங்க, 4,600 ரூபா பில். அடுத்த டேங்க் 13.4. ஏர் ஃபில்டர் விஷயம் பின்னாடிதான் தெரிஞ்சுது, கார்புரேட்டர் காலத்து வண்டில ஃபில்டர் அடைச்சா பெட்ரோல் குடிக்கும், இப்ப இருக்குற இன்ஜெக்ஷன் வண்டில உள்ள போற காத்தைப் பாத்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுது, அதனால ஃபில்டர் அடைச்சா வண்டி இழுக்காது, மைலேஜ் பெருசா மாறாது. மாத்த வேணாம்னு சொல்லல, மாத்துனா மைலேஜ் கொட்டும்னு எதிர்பாக்காதீங்கன்னு சொல்றேன். விலை கூட வச்சு விக்கிற 95 ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான், அதுக்குன்னு செஞ்ச இன்ஜினுக்குத்தான் அது, நம்ம சாதா காருக்கு அந்தக் காசு தண்டம்.

இப்ப மீன் கொழம்பு. எங்க மாமியார் வீடு கடலூர் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன், என் மச்சினிச்சி பாண்டி முதலியார்பேட்டைல இருக்காங்க, அப்ப அவங்க மாசமா இருந்தாங்க. ஒரு நாள் காலைல அத்தை சங்கரா மீன் கொழம்பு வச்சு எவர்சில்வர் தூக்குல ஊத்தி, மாப்ள நீங்க ஆபீஸ் போற வழிதானே, என்னையும் எறக்கி விட்டுடுங்கன்னு முன் சீட்டுல ஏறி தூக்கை ரெண்டு காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டாங்க. தூக்கு மூடி லூசு. ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாத்துப் பாலம் ஏறி எறங்கி, முன்னாடி ஒரு டவுன் பஸ் திடீர்னு நின்னுது, நான் வழக்கம் போல அடிச்சேன் பாருங்க பிரேக், அரைத் தூக்கு கொழம்பு கால் வைக்கிற மேட் மேல. அத்தை ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த ஒண்ணும் சொல்லாம இருந்தது இருக்கே, அது தனி. ஒரு வாரம் வண்டி பூரா புளி, மீன் வாசனை, ஏசி போட்டா இன்னும் மோசம், ஆபீஸ்ல என் கூட ஷேர்ல வர்ற ரெண்டு பேரும் பஸ்ல போறோம் சார்னுட்டாங்க.

அடுத்த வாரம் மறுபடியும் கொழம்பு, மறுபடியும் தூக்கு. இந்தத் தடவை அத்தை விடல. மாப்ள, ஆடுது. மாப்ள, அங்க மாடு நிக்குது பாருங்க. மாப்ள, அந்த ஷேர் ஆட்டோ நிறுத்துவான். வழி பூரா இதேதான். எனக்கும் வேற வழி இல்லாம பஸ்ஸுக்கு நாலு வண்டி தூரம் விட்டு, தூரத்துலயே ரோட்டைப் பாத்து, ஸ்பீடு பிரேக்கர் தெரிஞ்சதும் காலை எடுத்துட்டு வண்டியை அதுவா தேய விட்டு, கெளம்பும்போதும் பூ மாதிரி மிதிச்சு ஓட்டுனேன். முதலியார்பேட்டைல அவங்களை எறக்கி விட்டுட்டு மீட்டரைப் பாத்தா, காலைல சும்மா ஜீரோ பண்ணி வச்சிருந்த டிரிப்புல 19.2. மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்னு எனக்குத் தெரியும், ஆனா அதே மீட்டர் மத்த நாள்ல 14க்கு மேல காட்டுனதே இல்லையே. அதே கார், அதே ரோடு, அதே எத்தனால், ஒரு சொட்டு கொழம்பு சிந்தல.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன், கணக்கு எழுதுறவன் வேற என்ன பண்ணுவான். ஆளுங்களோட சேத்து வண்டி 1,100 கிலோ. 70ல போற வண்டியோட ஓட்டத்துல அடங்கி இருக்குற சக்தி 208 கிலோ ஜூல், ஸ்கூல்ல படிச்ச அரை எம்.வி. ஸ்கொயர் தான். ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமாரா 32,000 கிலோ ஜூல் இருக்கு, ஆனா நம்ம இன்ஜின் அதுல கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு போகும், மீதி சூடா சைலன்சர்லயும் ரேடியேட்டர்லயும் போயிடும். அப்ப வண்டியை 70க்குக் கொண்டு வர மட்டும் 26 மில்லி பெட்ரோல். அதை பிரேக் அடிச்சு நிறுத்துனா அந்த 26 மில்லியும் பிரேக் டிஸ்க்ல சூடாகி காத்துல போச்சு, காசுல சொன்னா ரெண்டரை ரூபா. அஞ்சு பிரேக் அடிச்சா ஒரு டீ காசு. கடலூர்ல இருந்து பாண்டி போற ரோடு தெரியும்ல, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஊர் ஊரா வரும், ஸ்பீடு பிரேக்கர், பஸ் ஸ்டாப், ஸ்கூல், கல்யாண மண்டபம். ஒண்ணைத் தாண்டுனதும் 70க்கு மிதிக்கிறது, முன்னூறு மீட்டர்ல அடுத்ததுக்கு பிரேக் அடிக்கிறது, திரும்ப மிதிக்கிறது. தெனம் எத்தனை டீ குடிச்சேன்னு எண்ணிப் பாக்கவே பயமா இருந்துச்சு. அமெரிக்க அரசோட எரிபொருள் சிக்கன வெப்சைட்ல போட்டிருக்கான், இப்படி முரட்டுத்தனமா ஓட்டுனா நிறுத்தி நிறுத்திப் போற ரோட்டுல 10ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் மைலேஜ் அடி வாங்கும்னு. எத்தனாலோட 7 எங்க, இந்த 40 எங்க.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், மெதுவா ஓட்டுங்கன்னு சொல்ல வரல. நாப்பதுல அஞ்சாவது கியர் போட்டு வண்டி திக்கித் திக்கி உதற ஓட்டுறதும் தப்புதான், சிக்கனம்னு நெனச்சு சிலர் அப்படி இன்ஜினைக் கொல்றாங்க. கெளம்பி, ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து ஐநூறு ஆர்பிஎம்ல கியர் மாத்தி, சீக்கிரமா மேல் கியருக்கு வந்து, அப்புறம் ஒரே சீரா போறது, அவ்ளோதான். எனக்கு முன்ன 48 நிமிஷம் ஆச்சு, இப்ப 50. ரெண்டு நிமிஷம்.

இதுல எங்க பெரிய மாமா கூட ஒரு சண்டையே வந்துச்சு. அவர் முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு. நோணாங்குப்பத்துல சுண்ணாம்பாத்துப் பாலம் எறங்கும்போது, டேய் நியூட்ரல் போடுடா, எண்ணெய் மிச்சம்னாரு. இல்ல மாமா, கியர்லயே விட்டு காலை எடுத்தா போதும்னேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு, நான் ஸ்டியரிங் புடிச்சப்ப நீ பொறக்கவே இல்லன்னாரு. அவர் சொல்றது அவர் காலத்துக்கு சரிதான். இப்ப இருக்குற இன்ஜெக்ஷன் வண்டில கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை முழுசா எடுத்துட்டா இன்ஜெக்டர் அப்படியே மூடிக்கும், சக்கரம் சுத்துற வேகத்துலயே இன்ஜின் சுத்தும், ஆர்பிஎம் ஆயிரத்து சொச்சத்துக்கு எறங்குற வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவு இல்ல. நியூட்ரல் போட்டா சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்து போகும், அப்ப இன்ஜின் அணையாம இருக்க பெட்ரோல் குடிச்சே ஆகணும். மிச்சம் பண்றேன்னு செலவு பண்றது. இன்ஜின் புடிப்பும் போயிடும், எறக்கத்துல பிரேக்கை மட்டும் நம்பி போகணும். மாமாவை நம்ப வைக்க மீட்டர்ல அந்தந்த நிமிஷத்து மைலேஜ் காட்டுற பக்கத்தை வச்சு பாலம் எறங்கிக் காட்டுனேன், கியர்ல எறங்கும்போது கோடு கடைசி வரைக்கும் போய் முட்டி நின்னுது, நியூட்ரல்ல பாதிக்கு எறங்குச்சு. ரெண்டு நிமிஷம் பேசாம வந்தாரு. அப்புறம், இந்த மீட்டர்லாம் சைனாக்காரன் செஞ்சதுன்னாரு. சரி விடுங்க.

வேகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இப்ப விழுப்புரத்துல இருந்து நாகப்பட்டினம் பக்கம் நாலு வழி ரோடு வந்ததுல எல்லாருக்கும் கால் நீண்டு போச்சு. என் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் 110க்கு கீழ எறங்க மாட்டான். காத்து தடுக்குறது வேகத்தோட இருமடி கணக்குல ஏறும், 80ல இருக்குற காத்துத் தடை 110ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 30 கிலோமீட்டரை 80ல போனா இருபத்திரெண்டரை நிமிஷம், 110ல போனா பதினாறரை. அந்த ஆறு நிமிஷத்தை மிச்சம் பண்ணி எறங்குன ஒடனே என்ன பண்றான்னா, டீக்கடைல அரை மணி நேரம் நிக்கிறான். இன்னொருத்தர் சபரிமலைக்குப் போறப்ப மேல கேரியர் மாட்டுனவரு, மாலை கழட்டி வருசம் ஒண்ணாச்சு, கேரியர் கழட்டல, அடுத்த சீசனுக்கு எப்படியும் மாட்டணும்ல சார்ங்கறாரு. மேல கேரியர் நின்னா ஹைவேல மைலேஜ் நல்லாவே அடி வாங்கும், மூட்டை இல்லாட்டியும் காத்தைக் கிழிக்கிறது கிழிக்கிறதுதான். டிக்கில சும்மா கெடக்குற சாமானும் அப்படித்தான், 45 கிலோவுக்கு ஒரு சதவீதம்னு ஒரு கணக்கு இருக்கு, சின்ன காருக்கு இன்னும் கூட. என் டிக்கில இருந்து வீடு கட்டுனப்ப மிஞ்சுன டைல்ஸ் பெட்டி ரெண்டை எறக்குனேன், ரெண்டு வருசமா அதுக்கும் சேத்து பெட்ரோல் போட்டிருக்கேன்.

நிக்கும்போது போறதும் கொஞ்ச நஞ்சம் இல்ல. பாண்டில ஏ.எஃப்.டி. துணி மில் பக்கம் ரயில்வே கேட்டு போட்டா பாருங்க, முப்பது வண்டில நாலு வண்டிதான் இன்ஜினை ஆஃப் பண்ணும். சின்ன காரே ஏசியோட நின்னா மணிக்கு முக்கா லிட்டர், ஒரு லிட்டர் குடிக்கும். தெனம் பத்து நிமிஷம் அப்படி நின்னா மாசத்துக்கு மூணு நாலு லிட்டர், ஒரு இஞ்ச் நகராம. ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா கூட பெட்ரோல் குடிக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுவும் கார்புரேட்டர் காலத்து மிச்சம், பத்து செகண்டுக்கு மேல நிக்கப் போறோம்னா ஆஃப் பண்றதுதான் லாபம்னு சொல்றாங்க. சிக்னல்ல கிளட்ச்சைப் பாதி மிதிச்சு வண்டியை முன்னயும் பின்னயும் ஊஞ்சல் ஆட்டுறவங்க இருக்காங்களே, அவங்களைப் பத்தி கிளட்ச் பிளேட் விக்கிறவங்க கிட்ட கேளுங்க, கும்புடுவாங்க.

சனி ஞாயிறு டூரிஸ்ட் கூட்டம் தனி ரகம். மணக்குள விநாயகர் கோயில் பக்கம் பார்க்கிங் தேடி ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்ல ஒன்வே ஒன்வேயா சுத்தி சுத்தி வருவாங்க, சாயங்காலம் ஆச்சுன்னா பீச் ரோட்டுலயும் வண்டி விடாம போலீஸ் அடைச்சிடுவாங்க, அந்த நெரிசலும் இந்தப் பக்கம் வந்துடும். நான் குடும்பத்தோட போனா தள்ளி எங்கயாவது மரத்தடியா பாத்து நிறுத்திட்டு நடக்க வச்சுடுவேன். மரத்தடிக்கு இன்னொரு காரணம், கத்திரி வெயில்ல நின்ன வண்டில ஏறி ஒடனே ஏசியை நாலுல வச்சா அந்த முதல் பத்து நிமிஷம் கம்ப்ரசர் உயிரை விட்டு ஓடும். நாலு கண்ணாடியையும் எறக்கி ஒரு தெரு தூரம் ஓட்டி சூடெல்லாம் வெளிய போனப்புறம் ஏசி போடலாம். ஊருக்குள்ள மெதுவா போறப்ப கண்ணாடி எறக்கி விடுறது சிக்கனம், ஹைவேல கண்ணாடி தொறந்து போனா காத்து உள்ள புகுந்து இழுக்கும், அங்க ஏசியே மேல்.

இப்ப நம்ம ஊர் ஸ்பெஷல். பாண்டில பெட்ரோல் வரி கம்மி, விலை கம்மி, அதனால கடலூர்ல பாதி பேர் பார்டர் தாண்டிப் போய் டேங்க் ஃபுல் பண்றோம். பெட்ரோல் போடத்தான் போறேன்னு சொல்றவங்க எல்லாரும் பெட்ரோலுக்கு மட்டுமே போறாங்களான்னு நான் கேக்கல, அது அவங்கவங்க வீட்டு விஷயம். கணக்கை மட்டும் பாப்போம். லிட்டருக்கு அஞ்சு ரூபா வித்தியாசம்னு வச்சா 25 லிட்டருக்கு 125 ரூபா லாபம். எங்க வீட்டுல இருந்து முள்ளோடை தாண்டி முதல் பங்க் போயிட்டு வர 22 கிலோமீட்டர், 15 மைலேஜ்னு வச்சா ஒண்ணரை லிட்டர், 140 ரூபா. பதினஞ்சு ரூபா நஷ்டம். வித்தியாசம் ஆறு ரூபான்னு வச்சா 150, பத்து ரூபா லாபம், அந்தப் பத்து ரூபாயும் பங்க் க்யூல ஏசி போட்டு நிக்கிறதுல போயிடும். என்னை மாதிரி தெனம் எப்படியும் அந்தப் பக்கம் போறவனுக்கு அது லாபந்தான், நானும் அங்கதான் போடுறேன். இதுக்குன்னே வண்டி எடுக்குறவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. எங்க தெருவுல ஒரு பெரியவர் கிட்ட இதைச் சொன்னேன், தம்பி, அப்படியே காத்து வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கும்லன்னாரு, அதுக்கு என் கிட்ட பதில் இல்ல.

அப்புறம் கம்பெனிக்காரன் 20 சொன்னான் 22 சொன்னான்னு கோவப்படுறவங்களுக்கு. அந்த நம்பர் ரோட்டுல ஓட்டி எடுத்தது இல்ல. ரோலர் மேல வண்டியை நிறுத்தி 1,180 செகண்ட் ஓட்டுவாங்க, இருபது நிமிஷம் கூட இல்ல, மொத்தம் பத்தரை கிலோமீட்டர் சொச்சம், சராசரி வேகம் 33க்குள்ள, அதிகபட்சம் 90, ஏசி ஆஃப். அங்க மாடு குறுக்க வராது, மீன்பாடி வண்டி யூ டர்ன் போடாது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோட ஒப்பிடத்தான் அந்த நம்பர் ஒதவும், நமக்கு வரும்னு சத்தியம் பண்ணிக் குடுத்தது இல்ல.

வண்டி மேலயும் கொஞ்சம் தப்பு இருந்துச்சு, அதையும் ஒத்துக்கணும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து எறங்குனதும் சக்கரம் நாலையும் புறங்கையால தொட்டுப் பாத்தேன், இது லாரிக்கார மாமா சொல்லிக் குடுத்தது, இந்த விஷயத்துல அவர்தான் குரு. மூணு சக்கரம் வெதுவெதுன்னு இருந்துச்சு, பின்னாடி இடது பக்கம் கை வைக்க முடியல. பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடிருக்கு, எவ்ளோ நாளாவோ தெரியல. கடலோரத்து உப்புக் காத்துல இதெல்லாம் துரு புடிச்சு ஒட்டிக்கும்னு அதைக் கழட்டி சரி பண்ண மெக்கானிக் சொன்னாரு, 350 ரூபாதான் வாங்குனாரு. 4,600 வாங்குன எடத்துல யாரும் சக்கரத்தை சுத்திக் கூட பாக்கல.

டயர் காத்து அடுத்தது. என் காருக்கு 33, டிரைவர் கதவைத் தொறந்தா பில்லர்ல ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், பாத்துக்கோங்க. ஒவ்வொரு பாயிண்டு கொறையறதுக்கும் மைலேஜ் கொஞ்சந்தான் போகும், ஆனா நாலு டயர்லயும் எட்டு பத்து பாயிண்டு கொறைஞ்சு ஓடுனா மூணு சதவீதம் வரைக்கும் போகலாம், டயரும் ஓரம் தேயும். காத்து டயர் ஆறி இருக்கும்போது பாக்கணும், காலைல. ஆனா நான் வழக்கமா போற பங்க்ல காத்து அடிக்கிற மிஷின் மேல ஒரு சாக்கு போத்தி வச்சிருக்காங்க, எப்ப கேட்டாலும் ரிப்பேர், பையன் இல்ல, கரண்ட் இல்ல. பங்க்ல இலவசமா காத்து குடுக்கணும்ங்கறது விதி, அது தெரிஞ்சு கேட்டா நம்மளை ஏற எறங்கப் பாக்குறாங்க. ஒரு பஞ்சர் கடைல கேட்டா எல்லா காருக்கும் கண்ணை மூடிட்டு 40 அடிச்சு விடுறாரு, இருக்கட்டும் சார் மைலேஜ் குடுக்கும்னு. வண்டி குதிக்குது, பிரேக் புடிப்பு கொறையுது, அந்த மைலேஜும் வேணாம். கடைசில 700 ரூபாய்க்கு சின்ன கேஜ் ஒண்ணும் கால் பம்பு ஒண்ணும் வாங்கிட்டேன், ஞாயித்துக்கிழமை காலைல அதுதான் எனக்கு எக்சர்சைஸ்.

இவ்ளோவும் பண்ணப்புறம் என் நோட்டுல கடைசி ஆறு டேங்க் சராசரி 16.8. அதே எத்தனால் பெட்ரோல், அதே பங்க். முன்ன மாசம் 91 லிட்டர் போட்டேன், இப்ப 71, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு மேல மிச்சம். பாண்டி விலை வித்தியாசத்துல எனக்கு மாசத்துக்குக் கெடைக்கிறது 355 ரூபா. இதுல பிரேக் ரிப்பேருக்கு எவ்ளோ, காத்துக்கு எவ்ளோ, காலுக்கு எவ்ளோன்னு பிரிச்சு சொல்லுன்னா, கால்தான் பாதிக்கு மேலன்னு அடிச்சு சொல்லுவேன், ஏன்னா பிரேக் சரி பண்றதுக்கு முன்னாடியே நோட்டுல 15.6 வந்துடுச்சு.

பண்ருட்டி சாருக்கு என் வேண்டுகோள், அடுத்த மூணு டேங்க் நான் சொன்ன மாதிரி எழுதிப் பாருங்க, சக்கரத்தைத் தொட்டுப் பாருங்க. 9 குடுக்குற வண்டில எங்கயோ ஏதோ புடிச்சுக்கிட்டு இருக்குன்னுதான் எனக்குத் தோணுது, எத்தனாலைத் திட்டிட்டு இருந்தா அது கண்ணுக்கே தெரியாம போயிடும்.

அதிகாரிங்க கிட்ட கேக்கவும் ரெண்டு மூணு இருக்கு, உங்க பேப்பர் மூலமா கேட்டா நடக்கும்னு ஒரு ஆசை. நான் தெனம் போற வழியில ஒரு சிக்னல்ல செகண்ட் காட்டுற டைமர் பல மாசமா எரியல. அது எரிஞ்சா தூரத்துலயே பாத்து காலை எடுத்துடலாம், நின்னவங்களும் 60ன்னு பாத்தா தைரியமா ஆஃப் பண்ணுவாங்க, இப்ப எப்ப பச்சை விழும்னு தெரியாம எல்லாரும் உறுமிக்கிட்டே நிக்கிறோம். ஸ்பீடு பிரேக்கருக்கு வெள்ளைக் கோடு போடுங்க, ராத்திரில கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது, அடிக்கிற பிரேக்ல ரெண்டரை ரூபாவோட பின்னாடி வர்றவன் உயிரும் சேந்து போகுது. பங்க்ல அந்த சாக்கை எடுத்துட்டு மிஷினை ஓட விடச் சொல்லுங்க.

அத்தை போன வாரமும் கொழம்பு குடுத்து விட்டாங்க, பேரனுக்கு ஆறு மாசம் ஆகுது, இப்ப அவங்க கூட வர்றது இல்ல, தூக்கு மட்டும் முன் சீட்டுல சீட் பெல்ட் போட்டுட்டு வருது. மூடி இன்னும் லூசுதான், மாத்தலாம்னு வீட்டுல சொன்னாங்க, நான்தான் வேணாம்னுட்டேன்.

இப்படிக்கு,
தினமும் பாண்டி போய் வரும் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.